கம்ப்யூட்டருக்கு ஒரு கிட்டங்கி

கடை வைத்திருப்பவர் எவருக்கும் பெட்டியடி வேறு, கிட்டங்கி வேறு என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றாடம் கைக்கு எட்ட வேண்டியது பெட்டியடியில் இருக்கும். மூட்டைகள் கிட்டங்கியில் இருக்கும். மூட்டைகளையெல்லாம் பெட்டியடியில் அடுக்கினால் நிற்கவும் இடமிராது, வியாபாரமும் நடவாது. ஆனால் நம் கடைகளிலுள்ள கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்தால், மூட்டை முழுவதும் பெட்டியடியிலேயே கிடப்பதைக் காணலாம். "முதலாளி, இடம் நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது" என்று கடைப் பையன் வந்து சொன்ன பிறகுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம். "எதையாவது அழித்து இடம் பண்ணு" என்கிறோம். அவன் எதை அழித்தான் என்பது, கணக்குக் கேட்பவர் வந்து நிற்கும் நாளில்தான் தெரிய வரும்.

இந்தச் சங்கடத்துக்கு இப்பொழுது கடைகளில் ஒரு சாதனம் கிடைக்கிறது. சேமிப்பு இடமும் சேர்ந்த 'டாக்கிங் ஸ்டேஷன்' என்று அதற்குப் பெயர். சுருக்கமாக 'டாக்' என்பார்கள். அது என்ன, எப்படிப் பார்த்து வாங்குவது, எதற்கு அது உதவும், எதற்கு உதவாது என்பவற்றை வியாபாரிகளுக்கு விளங்கும் வகையில் இங்கே சொல்கிறேன்.

எவ்வளவு இடம் வேண்டும்?

மலேசியாவில் 1967ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, வியாபாரக் கணக்குகளையும் அவற்றுக்குரிய ரசீதுகளையும் 7 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. சிங்கப்பூரில் 5 வருஷம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பில்லைக் கைப்பேசியில் படம் எடுத்தால் சுமார் 3 மெகாபைட் ஆகிறது. நாளொன்றுக்கு 40 பில் என்றால் 120 மெகாபைட். வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால் 36 கிகாபைட். 7 வருஷத்துக்கு 252 கிகாபைட். விலை குறைந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றில் உள்ளிருக்கும் இடமே 256 கிகாபைட்தான். அதிலும் கம்ப்யூட்டர் தன் சொந்த வேலைக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். காவல் கேமரா இருந்தால் கேட்கவே வேண்டாம். விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரே கேமரா, ஒரு நாளில் 43 கிகாபைட்டை நிரப்பிவிடும். 256 கிகாபைட் ஆறு நாளைக்குக்கூடக் காணாது.

படம் எடுத்துவிட்டோம் என்பதற்காகக் காகித ரசீதை எறிந்துவிட வேண்டாம். அதை உங்கள் தணிக்கையாளரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

டாக் என்பது யாது?

துறைமுகத்து ஊர்களில் பிழைக்கும் நமக்கு இந்தச் சொல் புதிதன்று. கப்பல் வந்து அணையும் துறைதான் டாக். ஆதியில் இது கையில் எடுத்துச் செல்லும் கம்ப்யூட்டருக்காக ஏற்பட்டது. 1992ஆம் வருஷம் ஆப்பிள் கம்பெனி 'பவர்புக் டியோ' என்ற சிறு கம்ப்யூட்டரையும், அது வந்து நுழைந்து நிற்க 'டியோ டாக்' என்ற பெட்டியையும் வெளியிட்டது. வெளியே போகும்போது இலேசாக இருக்கும்; மேஜைக்குத் திரும்பி வந்ததும் பெரிய திரை, அச்சுப் பொறி எல்லாம் அந்தப் பெட்டியின் வழியாக ஒரே சமயத்தில் சேர்ந்துவிடும்.

மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு டாக் எதற்கு என்று கேட்கலாம். மேஜைக் கம்ப்யூட்டர்கள் வரவரச் சிறுத்துவிட்டன. 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரமும் 5 சென்டிமீட்டர் உயரமுமே உள்ளது. நீள்சதுர வாயுள்ள பழைய யு.எஸ்.பி. துவாரம் அதில் ஒன்றுகூட இல்லை. கேமரா அட்டையைச் செருகவும் வழியில்லை. வெளிவந்தபோது ஆரம்ப விலையில் 256 கிகாபைட்தான் இடம் இருந்தது. விண்டோஸ் சிறு பெட்டிகள் பலவற்றிலும் துவாரங்கள் குறைவு. ஆகவே பில் அச்சிடும் பொறி, பட்டைக் கோடு படிக்கும் கருவி, கீபோர்டு ஆகியவற்றைச் சேர்க்கத் துவாரங்களும், பழைய கணக்கை வைக்க இடமும் ஒரே கம்பியில் கொடுப்பதே இந்த டாக்கின் வேலை.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். முதல் வகை, கம்ப்யூட்டருக்கு அடியில் பீடம்போல் இருக்கும். அதன் வயிற்றில் 'எம்.2' என்ற சிறு எஸ்.எஸ்.டி. பலகையைப் பொருத்த இடமுண்டு. இரண்டாம் வகை தொட்டில்போல் இருக்கும். இரண்டரை அங்குல, மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குகளை அதில் நிறுத்திச் செருகலாம். இதற்குத் தனி மின்சாரக் கம்பி வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, டாக்கின் விலையில் எஸ்.எஸ்.டி. சேர்ந்துள்ளதா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் சேர்ந்திராது. காலிக் கிட்டங்கிக்கு வாடகை பேசிவிட்டு, அலமாரியும் உள்ளே இருக்கும் என்று நினைத்துக்கொள்வது நம் தவறாகும்.

இரண்டாவது, எஸ்.எஸ்.டி.யின் ஜாதி. எம்.2 பலகைகளில் என்.வி.எம்.இ. என்றும் சாட்டா என்றும் இரண்டு உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சில டாக்குகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். அளவையும் பார்க்க வேண்டும். 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2230 என்றால் நீளம் 30 மில்லிமீட்டர்.

மூன்றாவது, வேகம். உறையில் '10 கிகாபிட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் பைட். உண்மையில் விநாடிக்குச் சுமார் 1 கிகாபைட் வரை போகும். ஆனால் அதே டாக்கைக் கம்ப்யூட்டரின் பழைய யு.எஸ்.பி. 2.0 துவாரத்தில் செருகினால், 480 மெகாபிட்டுக்கு மேல் போகாது. ஒரு வருஷத்துப் பில்களான 36 கிகாபைட்டை மாற்ற, வேகமான துவாரத்தில் ஒரு நிமிஷம் ஆகுமென்றால், பழையதில் கால் மணிக்கும் அதிகமாகும். சிறு சிறு படங்களாக இருந்தால் இரண்டிலும் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். ஆகையால் எந்தத் துவாரம் எவ்வளவு வேகம் என்பதைக் கம்ப்யூட்டரின் கையேட்டில் பார்த்து, ஒரு சிறு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

நான்காவது, சூடு. எஸ்.எஸ்.டி. வேலை செய்யும்போது சூடேறும். நம் ஊர்களின் உஷ்ணமும் அதனுடன் சேரும். உலோக உடம்புள்ள டாக் சூட்டை வெளியே விடும். 2024ஆம் வருஷத்து மேக் மினி தன் அடிப்பாகத்தின் வழியாகவே மூச்சு விடுகிறது. அதன் மின் பொத்தானும் அடியில், பின்பக்க மூலையில் உள்ளது. அடியில் வைக்கும் டாக் காற்றை மறைக்கிறதா, பொத்தானுக்கு வழி விட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

பொருத்தும் முறை

டாக்கைக் கம்பியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, உலோகம் ஒன்றைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பலகையைச் சாய்வாகச் செருகி, மெல்லத் தாழ்த்தி, திருகை முடுக்க வேண்டும். போகாவிட்டால் அழுத்தக் கூடாது. ஜாதி மாறியிருக்கலாம்.

புது எஸ்.எஸ்.டி.யை முதன்முறை செருகினால் கம்ப்யூட்டர் அதை அறிந்துகொள்ளாது. 'ஃபார்மட்' செய்ய வேண்டும். விண்டோஸில் மட்டும் உபயோகிப்பதானால் என்.டி.எஃப்.எஸ். முறை தக்கது. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 முறையில் 4 கிகாபைட்டை எட்டிய ஒற்றைக் கோப்பு நுழையாது; கேமராப் பதிவுகள் அதனால் தடைப்படும். ஃபார்மட் செய்தால் அதில் முன்பிருந்த யாவும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 என்று காட்டும். எடை குறைத்துவிட்டான் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றே, படிதான் வேறு.

எதை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. இன்று நடக்கும் கணக்கும், பில் போடும் புரோகிராமும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கட்டும். டாக்கின் கம்பி அசைந்தால் நடுக் கணக்கில் எழுத்து அறுந்துவிடும். முடிந்த வருஷங்களின் கணக்கு, பில் படங்கள், சரக்குப் படங்கள், கேமராப் பதிவுகள் ஆகியவை டாக்குக்குப் போகலாம். கம்பியைக் கழற்றுமுன் திரையில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டே கழற்ற வேண்டும்.

தொட்டில் வகையில் ஓர் எச்சரிக்கை

இரண்டு டிஸ்க் வைக்கும் தொட்டில்கள் சிலவற்றில், கம்ப்யூட்டரின் உதவியில்லாமலே ஒன்றை மற்றொன்றில் நகல் எடுக்கும் பொத்தான் உண்டு. மிகவும் உபயோகமானது, மிகவும் அபாயமானதுங்கூட. 'சோர்ஸ்' என்ற துவாரத்தில் கணக்குள்ள டிஸ்க்கையும், 'டார்கெட்' என்ற துவாரத்தில் காலி டிஸ்க்கையும் வைக்க வேண்டும். மாற்றி வைத்துப் பொத்தானை அழுத்தினால், காலி டிஸ்க் கணக்கின்மேல் நகலாகிவிடும். ஏழு வருஷக் கணக்கு வெறும் பலகையாகும். கணக்குள்ள டிஸ்க்கில் சிவப்புக் காகிதம் ஒட்டி வையுங்கள். கூடத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே பொத்தானைத் தொடுங்கள்.

இடம் வேறு, காவல் வேறு

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் முக்கியமான விஷயம். டாக் வாங்கிப் பழைய கணக்கை அதற்கு மாற்றி, கம்ப்யூட்டரில் உள்ளதை அழித்துவிட்டு, "எல்லாம் பத்திரம்" என்று இருந்துவிடுபவர் உண்டு. முன்பு ஒரு பிரதி இருந்தது. இப்பொழுதும் ஒரு பிரதிதான் இருக்கிறது. இடம் மாறியதேயன்றி, காவல் ஏதும் கூடவில்லை.

கிட்டங்கி கடையின் பக்கத்துச் சுவரை ஒட்டியிருந்தால், கடைக்கு வந்த தீ கிட்டங்கிக்கும் வரும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வந்த வெள்ளங்களை நாம் மறந்திருக்க முடியாது. மேஜைமேல் கம்ப்யூட்டரும் அதன் அடியில் டாக்கும் இருந்தால், தண்ணீர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். திருடனும் அப்படியே.

தண்ணீரும் தீயும் இல்லாமலே வரும் கேடும் ஒன்றுண்டு. 2017 மே 12ஆம் தேதி பரவத் தொடங்கிய 'வானாக்ரை' என்ற வைரஸ், சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களிலிருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இவ்வகை வைரஸ், கம்ப்யூட்டருடன் கோத்திருக்கும் டிஸ்க்குகளையும் விடாது. எப்பொழுதும் செருகியே இருக்கும் டாக்கும் அதற்கு இரைதான்.

இதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய ஓர் எளிய விதி உண்டு. பிரதிகள் 3, சாதனங்கள் 2 வகை, அவற்றுள் 1 வேறிடத்தில் என்பதே அது. நம் கடைக்கு அதை இப்படி அமைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதி டாக்கில். இரண்டாவது தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி வீட்டில். மூன்றாவது இணையச் சேமிப்பில். மூன்றும் இயலாதவர் முதல் இரண்டையாவது விடக் கூடாது. வாடிக்கையாளரின் அடையாளக் கார்டு எண், கடன் விவரம் முதலியன அதில் இருக்குமாதலால், வெளியே போகும் டிஸ்க்குக்கு இரகசிய எண் போட்டுப் பூட்ட வேண்டும். அந்த எண்ணை மறந்தால் கணக்கு நமக்கும் கிடையாது. ஆகையால் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அன்றே ஒரு புது நகல் எடுத்துவிடுங்கள். பிறகு, வீட்டிலுள்ள டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, மூன்று வருஷத்துக்கு முந்திய பில் ஒன்றைப் பெயர் சொல்லித் தேடித் திறந்து பாருங்கள். திறந்தால் நகல் சரி. திறவாவிட்டால், டாக்கில் மூலம் இன்னும் இருக்கும்போதே வேறு நகல் எடுத்துக்கொள்ளலாம். கால் மணி நேர வேலைதான். இம்மாதம் இருப்பு எண்ணும் நாளிலேயே இதைத் தொடங்குமாறு கடைக்காரச் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.