பெயரடை நிற்கும் இடம்: ஓர் இளம் மொழிபெயர்ப்பாளருக்கு



ஆங்கிலத்தில் 'அட்ஜெக்டிவ்' எனப்படும் பெயரடை, அதாவது ஒரு பெயர்ச்சொல்லின் தன்மை, அளவு, நிறம் முதலியவற்றைச் சொல்லி அதன் பொருளை வரையறுக்கும் சொல், பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அறிமுகமாகிறது. ரென், மார்ட்டின் இருவரும் எழுதி, இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் இலக்கண நூலில் பண்பு, அளவு, எண், சுட்டு, வினா என வகைகள் அடுக்கப்பட்டுள்ளன. 'திஸ்' என்னும் சுட்டுச்சொல்லும் அங்கே பெயரடையே. 1985இல் ரான்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணமோ அத்தகைய சொற்களைப் பிரித்து, 'டிடர்மினர்' என்ற தனிக் கூட்டத்தில் வைக்கிறது. 'பிக்' என்பதற்கு முன் 'வெரி' சேர்க்கலாம், அதை 'பிக்கர்' என்றும் ஆக்கலாம், 'திஸ்' இவ்விரண்டுக்கும் இடம் கொடாது. தேர்வெழுதுபவருக்குப் பழைய பட்டியலே போதும். மொழிபெயர்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது சொல்லின் வகைப்பெயரை அன்று, அது நிற்கும் இடத்தை.

முதன்மையான இடம் இரண்டு. பெயருக்கு முன்னால் நின்று அதைத் தழுவுவது 'அட்ரிபியூட்டிவ்'; வினைக்குப் பின்னால் பயனிலையாக நிற்பது 'பிரெடிக்கேட்டிவ்'. ஆங்கிலச் சொல் இரண்டு இடத்திலும் உருமாறாது நிற்க, தமிழ்ச் சொல்லோ 'நல்ல பையன்' என்பதிலிருந்து 'பையன் நல்லவன்' என்று விகுதி ஏற்று மாறிவிடுகிறது. உருவம் மாறாததால் ஆங்கிலத்தில் பொருளின் மாற்றம் கண்ணில் படாமல் நழுவுவதுண்டு. 'த பிரின்சிபல் இஸ் லேட்' என்றால் முதல்வர் தாமதமாக வருகிறார். 'த லேட் பிரின்சிபல்' என்றால், பெரும்பாலும், அவர் இனி வரவே மாட்டார். 'கன்சர்ன்ட் பேரன்ட்ஸ்' கவலை கொண்ட பெற்றோர். அதே சொல் பெயருக்குப் பின்னால் போய் 'பேரன்ட்ஸ் கன்சர்ன்ட்' ஆனால், சம்பந்தப்பட்ட பெற்றோர். அகராதியில் முதலில் உள்ள பொருளை மட்டும் எடுப்பவர் சறுக்குவது இத்தகைய இடங்களில்தான்.

சில பெயரடைகள் ஒரே இடத்துக்கு உரியவை. 'அஸ்லீப்', 'அலைவ்' ஆகியவை பெயருக்கு முன்னால் வருவதில்லை; 'அஸ்லீப் சைல்ட்' என்று ஆங்கிலேயர் எழுதமாட்டார், 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்பார். காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது: இச்சொற்களின் தொடக்கத்திலுள்ள 'அ' ஒருகாலத்தில் 'ஆன்' என்னும் தனி முன்னிடைச்சொல்லாக இருந்து, தேய்ந்து ஒட்டிக்கொண்டது, எனவே இவை பிறப்பிலேயே 'உறக்கத்தில்', 'உயிரில்' என்னும் தொடர்கள். தமிழர் இன்றும் 'குழந்தை உறக்கத்தில் இருக்கிறது', 'பாட்டி உயிரோடு இருக்கிறார்' என்று வேற்றுமை உருபு வெளிப்படவே சொல்வதால், ஆங்கிலம் மறைத்துவிட்டதைத் தமிழ் தானாகவே திறந்து காட்டுகிறது. 'உறக்கமான குழந்தை' என்று எழுதிப் பார்ப்பவருக்கு இது உடனே விளங்கும்.

பல பெயரடைகள் சேர்ந்து வரும்போது ஆங்கிலம் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறந்த இடம், ஆக்கப்பொருள் என்று ஏறத்தாழ ஒரு வரிசையைப் பேணுகிறது. எழுத்தாளர் டோல்கீன் ஏறத்தாழ ஏழு வயதில் எழுதிய டிராகன் கதையில் 'கிரீன் கிரேட் டிராகன்' என்று போட, அவருடைய தாயார் டிராகனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் 'கிரேட் கிரீன்' என்றுதான் வரவேண்டும் எனத் திருத்தினார். ஏன் என்பது தமக்கு இன்னும் விளங்கவில்லை என்று டோல்கீன் 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். மொழியறிஞராகிய அவருக்கே புதிராக இருந்த ஒன்றை மாணவர் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிடக் காதைப் பழக்குவது நல்லது.

அந்த வரிசையை அப்படியே தமிழில் இறக்குவதுதான் பெரிய பிழை. 'எ பியூட்டிஃபுல் ஓல்ட் ரவுண்ட் வுடன் டேபிள்' என்பது 'அழகான பழைய வட்டமான மரத்தாலான மேசை' ஆகும்போது, நான்கில் மூன்று பெயரடைகளுக்கு ஓர் 'ஆன' ஒட்டி, வாக்கியம் நொண்டுகிறது. தமிழில் அடைச்சொல் தனித்து நின்றே ஆகவேண்டியதில்லை. 'ஆகிய' என்னும் உருபு மறைய, பண்பும் பெயரும் ஒட்டி நிற்கும் பண்புத்தொகையும், 'ஆல் ஆகிய' என்பது மறையும் தொகையும் இருப்பதால், 'வட்டமேசை', 'மரமேசை' என்று இரண்டு அடைகள் பெயருக்குள்ளேயே அடங்கிவிடும். எஞ்சிய அழகைப் பயனிலைக்கு நகர்த்தினால், 'பழைய மர வட்டமேசை, பார்க்க அழகாக இருந்தது' என்று வரும். இங்கே ஒரு பெயரடை வினையடையாகிவிட்டதே என்று ஆசிரியர் எவரேனும் குறை சொல்லக்கூடும். சொல்லட்டும், மேசை மேசையாகவே இருக்கிறது.

மொழிபெயர்ப்பு முடிந்தபின் பக்கத்திலுள்ள 'ஆன'க்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது பயன்தரும். 'முக்கியமான', 'சிறப்பான' போன்றவற்றில் பாதி முதல் சுற்றிலேயே உதிர்ந்துவிடும்.