மரத்தில் உருவும் மரத்தில் ஒலியும்

முன்னுரை

கலை வேறு, அறிவியல் வேறு எனப் பிரித்துப் பேசுவது இன்று வழக்காகிவிட்டது. கல்லூரிகளில் இவ்விரண்டிற்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. ஆயின், உளி பிடித்த கைக்கு இப்பிரிவினை தெரியாது. மரம் என்னும் ஒரு பொருளைக் கொண்டே கலையும் இசையும் அறிவியலும் புதுப்புனைவும் ஒன்றுபடும் இடத்தைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் ஓசையும்

கல்வராயன் மலைக்கு வடக்கே அமைந்த செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா எனப்பட்டது. அதன் தலைவன் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசையைக் கடாமாகவும் கொண்டு அப்பெயர் அமைந்தது என்பர் உரையாசிரியர். கூத்தர் சுமந்து செல்லும் முழவு, ஆகுளி, தூம்பு, குழல் முதலிய கருவிகளைத் தொடக்கத்தில் அடுக்கிக் கூறும் இப்பாட்டு, பேரியாழின் உறுப்பமைப்பையும் விரித்துரைக்கின்றது. இசையைப் பாடிய புலவர் கருவியின் அமைப்பையும் நுணுகி அறிந்திருந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

உருவின் கணக்கு

அதே கல்வராயன் மலைக்குக் கிழக்கே உள்ள கள்ளக்குறிச்சி, மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊர். இங்குச் செய்யப்படும் மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தேக்கு, வாகை முதலிய மரங்களில் சிற்பிகள் உருவங்களைச் செதுக்குகின்றனர்.

சிற்ப மரபில் உருவத்தின் அளவு தாளமானம் எனப்படும். ஒரு தாளம் 12 அங்குலம். நவதாள உருவத்திற்கு 108 அங்குலம். உத்தம தசதாளத்திற்கு 124 அங்குலம். இவ்வங்குலம் அளவுகோலின் அங்குலம் அன்று. உருவத்தின் உயரத்தை வகுத்துப் பெறும் கூறே ஆகும். எனவே, சாண் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் ஒரே விகிதம் பொருந்தும். விகிதக் கணிதம் என்று நாம் வகுப்பில் கற்பிப்பதும் இதனையே.

அளவு மட்டும் போதாது. மரம் உலரும்போது நீளவாட்டத்தைவிடக் குறுக்குவாட்டத்தில் மிகுதியாகச் சுருங்கும். ஈரம் போகாத மரத்தில் செதுக்கிய முகம் நாளடைவில் வெடிக்கும். ஆகவே, வைரம் பாய்ந்த மரத்தைத் தேர்ந்து, உலர்த்தி, இழையோட்டம் பார்த்து உளியை வைத்தல் வேண்டும். இது பொருளறிவியல் அன்றி வேறென்ன?

ஒலியின் கணக்கு

மரத்தின் இயல்பறிந்த இவ்வறிவே தமிழகத்தின் பிற பகுதிகளில் இசைக்கருவிகளாக மலர்ந்துள்ளது. பலாமரத்தைக் குடைந்து செய்யும் மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கரிய பூச்சு இடப்படுகிறது. கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவர். வெறுந்தோலின் மேலொலிகள் அடிப்படை ஒலியோடு முழுவெண் மடங்கில் பொருந்துவதில்லை. அதனால் ஓசை மட்டுமே பிறக்கும். கரணையின் எடை நடுவில் ஏறியதும் அவை 2, 3, 4, 5 மடங்குகளாக இயைந்து இசையாகின்றன. இதனைச் சர் சி.வி.இராமன் 1920இலும் 1934இலும் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கினார். பெயர் தெரியாத கைவினைஞர் செவியால் கண்டதற்கு அறிவியலார் பின்னர்க் கணக்குரைத்தனர்.

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தால் நாகசுரம் கடையப்படுகிறது. பழைய திமிரி நாகசுரத்தில் சுத்த மத்திமம் இயல்பாக ஒலிக்காது. டி.என்.இராசரத்தினம் பிள்ளை (1898-1956) இக்குறை நீங்க விரும்பினார். அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி பலமுறை முயன்று, நீளமான பாரி நாகசுரத்தில் அச்சுரம் இயல்பாகப் பிறக்கச் செய்தார். கலைஞர் வினவினார், கைவினைஞர் விடை கண்டார். புதுப்புனைவு பிறக்கும் வழி இதுவே.

இச்சந்திப்பு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பொறிக்கருவிகளைப் பற்றி 1206இல் நூல் முடித்த அல்-ஜஸரீ, நீரின் விசையால் இசைக்கும் பொம்மைக் கலைஞரைப் படகில் அமர்த்திக் காட்டினார். அவரும் எழுத்தாளர் மட்டும் அல்லர். கருவி செய்த கைவினைஞர்.

முடிவுரை

அல்-ஜஸரீயின் கருவிகள் அழிந்தாலும் அறிவு நின்றது. அவர் எழுதி வைத்தார். நம் பட்டறைகளின் அறிவோ பெரிதும் வாய்மொழியாகவே உள்ளது. உளிகளின் பெயர்கள், மரத்தின் குறைகளைச் சுட்டும் சொற்கள், அளவுக் குறிப்புகள் ஆகியவை மூத்த சிற்பிகளின் நாவில் வாழ்கின்றன. ஒரு சொல் மறையும்போது அச்சொல் காத்த நுட்பமும் உடன் மறையும்.

கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு வருகின்றனர். தந்தையின் தொழிலறிவு படிப்பில் சேராது என்று அவர்கள் எண்ணுமாறு நாம் விடலாகாது. தமிழ் மாணவர் பட்டறைச் சொற்களைத் தொகுக்கட்டும்; இயற்பியல் மாணவர் ஒலியை அளக்கட்டும்; கணித மாணவர் தாளமானத்தை ஆராயட்டும். ஊர்ப் பெரியோர் அதற்குத் துணை நிற்கட்டும். நூலகத்தில் தேடும் அறிவின் ஒரு பகுதி, பக்கத்துத் தெருவின் மரச்சீவல்களுக்கு நடுவே நமக்காகக் காத்திருக்கின்றது.