பழி ஆந்தைமேல், ஓட்டை கூண்டில்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் உடனே செய்ய வேண்டியவை இரண்டு. கூண்டை மூடும் நேரத்தை முன்னே கொண்டுவர வேண்டும். கூண்டில் கட்டைவிரல் நுழையும் இடமெல்லாம் தேடி அடைக்க வேண்டும். ஜூன் மாதம் சென்னையில் சூரியன் மறைய மாலை 6.35 ஆகும். நவம்பரில் 5.40க்கே மறைந்துவிடும். மூட்டமான நாளில் கோழி அதற்கும் முன்பே அடையப் போகும். வேலை முடிந்து குரோம்பேட்டையிலோ தாம்பரம் சானடோரியத்திலோ ரயில் இறங்கி, ஏழு மணிக்குக் கூண்டைத் தாழ்போடுகிற வழக்கம் கோடைக்குச் சரி. ஐப்பசியில் அதே வழக்கத்தால் கதவு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் திறந்து கிடக்கிறது. கோழிக்கோ இருட்டில் கண் தெரியாது, அடைந்த இடத்தை விட்டு அசையாது. ஒன்றைப் பிடிக்க வந்த மிருகம் நாலைந்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போவது இதனால்தான். மழை இன்னொன்றும் செய்கிறது: ஏரிக்கரையிலும் மழைநீர்க் கால்வாயிலும் உள்ள வளைகளில் தண்ணீர் ஏறினால் பெருச்சாளிகள் மேடு தேடி வீட்டுப் பக்கம் வரும், அவற்றின் பின்னால் பாம்பும் வரும்.

காலையில் கோழி செத்துக் கிடந்தால் முதலில் மாட்டுவது ஆந்தை. ராத்திரி கத்தியதைக் கேட்டோம், மதில்மேல் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்பார்கள். பார்த்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் எதற்கு வந்தது? இந்தப் பகுதியில் அதிகம் தென்படும் புள்ளி ஆந்தை மைனா அளவுதான். பூச்சி, சுண்டெலி, பல்லிதான் அதன் சாப்பாடு. பழைய கட்டடங்களில் தங்கும் வெள்ளை முகக் கூகை ஏறத்தாழ அரைக் கிலோதான், வளர்ந்த நாட்டுக்கோழியோ ஒன்றரைக் கிலோ. கூகை எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அது தங்குமிடத்தின் கீழே கிடக்கும் கறுத்த உருண்டை ஒன்றை உடைத்துப் பார்த்தால் எலி மண்டையும் தாடையும்தான் பெரும்பாலும் இருக்கும். சாயங்காலம் சிந்திய குருணைக்கு எலி வருகிறது, எலிக்குக் கூகை வருகிறது. கோழி செத்த இரவில் அது அங்கே இருந்தது என்பது சாட்சியமே தவிர குற்றம் ஆகாது. சாக்குருவி என்று பேர் வைத்த பறவைமேல் பழி போடுவது எளிது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகள் கொம்பன் ஆந்தைக்குப் பேர்போனவை. ஒரு கிலோவைத் தாண்டும் அந்தப் பறவையால், முருங்கையில் வெட்டவெளியில் அடையும் விடலைக் கோழியைத் தூக்க முடியும். ஆனால் எந்த ஆந்தையாலும் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. கூரை போட்டு மூடிய கூண்டில் அதற்கு வேலையே இல்லை. மரத்தில் அடைந்தால்தான் நாட்டுக்கோழி திடமாக இருக்கும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கு எட்டாது என்பது வரை அது நியாயம். மரநாய் மரமேறி, அதற்குக் கிளை என்பது பாதை. அடைமழையில் விடிய விடிய நனையும் கோழி திடமாகவும் இராது.

கூண்டுக்குள் சேதம் நடந்தால் தடயத்தைப் பார்க்க வேண்டும். கதவு பிய்ந்து, இறகு கொல்லையெங்கும் சிதறி, தின்னாமல் விட்ட பிணங்கள் கிடந்தால் நாய். கழுத்து கடிபட்டு, ஒரு பங்கு மட்டும் தின்னப்பட்டிருந்தால் மரநாயையோ பூனையையோ சந்தேகிக்கலாம். உடல் உள்ளேயும் தலை மட்டும் காணாமலும் இருந்தால், வலைக்கு வெளியே நின்றபடி ஏதோ இழுத்திருக்கிறது. ஓரத்தில் புதுமண் குவிந்து வளை தெரிந்தால் பெருச்சாளி. முட்டை ஓடுகூட இல்லாமல் போனால் பாம்பாக இருக்கலாம். விழுங்கிய வயிற்றோடு வந்த வழியே வெளியேற முடியாமல் அது உள்ளேயே சுருண்டிருக்கவும் கூடும். அதனால் காலையில் கூண்டுக்குள் கையை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு இருந்தால் கம்பை எடுக்காமல் வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் கோழி வலை என்று கேட்டால் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை அடைத்துவைக்கப் போதும். நாய் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும், அதன் கண் வழியே எலியும் பாம்பும் வரும். அரை அங்குல வெல்டு மெஷ் வாங்குங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் கூண்டு முழுக்க வேண்டாம். கீழ் இரண்டடிக்கும் காற்றுத் திறப்புகளுக்கும் போட்டு மற்ற இடத்தைப் பலகையால் அடைக்கலாம். தரைக்குக் கடப்பா கல் பாவினால் பெருச்சாளி தோண்ட முடியாது; மண்தரைதான் என்றால் வலையை வெளிப்பக்கமாக ஓரடி மடக்கிப் புதைத்து மேலே செங்கல் அடுக்குங்கள். கோழி அடையும் கம்பு வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது பகலுக்கு நல்ல ஏற்பாடு. இரவில் நாய் அதைப் புரட்டிவிடும் என்பதால் தாயோடு சேர்த்துக் கூண்டுக்கோ வீட்டுக்குள்ளோ கொண்டுபோய்விடுங்கள். இப்படி மூடினால் புழுங்கி நோய் வரும் என்ற கவலை நியாயமானது. மழைக்காலத்தில் ஈரமும் அம்மோனியா நெடியும் சளிநோயைக் கொண்டுவரும். அதற்காகக் கதவைத் திறந்துவைக்கத் தேவையில்லை. கூரைக்கு அடியில் எதிரெதிராக இரண்டு வலைத் திறப்பு, சாரல் படாத இறவாரம், நனைந்த உமியை அன்றன்றே அள்ளுவது, இவை போதும்.

விளக்கு எரிந்தால் எதுவும் வராது என்பது பாதி உண்மைகூட இல்லை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். எலிக்கு விஷம் வைப்பது இன்னும் மோசம். ரத்தம் உறையவிடாத மருந்தைத் தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். அதற்குள் கூகையோ வீட்டுப் பூனையோ அதைப் பிடித்துத் தின்னும், செத்ததைக் கோழியும் கொத்தும். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லையைக் குறைக்கக் கூட்டுப் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். நமக்கு அது பெட்டி வைக்காமலே வருகிறது. ஆந்தையையும் மரநாயையும் பிடிப்பதோ கொல்வதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தனி.

ஒருமுறை ருசி கண்ட மிருகம் மறுநாளும் வரும். சேதம் தெரிந்த அன்றே ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க முடியாவிட்டால், மிச்சக் கோழிகளை அன்றிரவு காற்றுப் போக ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில் போட்டுக் குளியலறையில் வையுங்கள். செத்ததை ஏரிப் பக்கம் வீசாமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். இல்லாவிட்டால் தெருநாய்களுக்கு உங்கள் வீட்டு விலாசம் தெரிந்துவிடும்.