ஸ்பெர்மிடின் ஆய்வில் இறங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

காட்டாங்கொளத்தூரில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்து ஸ்பெர்மிடின் என்ற பாலிஅமீனை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இனி சொந்தக்காரர்களே உன்னிடம், "அந்த இளமை மாத்திரையை வாங்கிச் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வை.

2009இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஆய்வாளர்கள், ஈஸ்ட்டிலும் பழ ஈயிலும் புழுவிலும் ஸ்பெர்மிடின் ஆயுளைக் கூட்டுவதைக் காட்டினார்கள். செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி தூண்டப்படுவதுதான் காரணம் என்றார்கள். 2016இல் எலியிலும் ஆயுள் நீண்டது. இதையெல்லாம் நான் நம்புகிறேன். மனிதர் என்று வரும்போதுதான் தயக்கம். இத்தாலியின் புரூனெக் ஊரில் 829 பேரை 20 ஆண்டுகள் கவனித்ததில், உணவில் ஸ்பெர்மிடின் மிகுந்தவர்களிடையே இறப்பு குறைவு. ஆனால் காய்கறியும் முழுத்தானியமும் நிறையச் சாப்பிடுகிறவர் மற்ற வகையிலும் உடம்பைப் பேணுகிறவர்; அந்தப் பங்கை முழுதாகக் கழித்துவிட முடியாது. பெர்லினில் 100 முதியவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 0.9 மில்லிகிராம் ஸ்பெர்மிடின் ஓராண்டு கொடுத்தார்கள். நினைவாற்றல் கூடவில்லை, முடிவு 2022இல் வந்தது. 15 மில்லிகிராம் கொடுத்த ஒரு சிறு சோதனையில் இரத்தத்தில் ஏறியது அதன் உறவுச் சேர்மமான ஸ்பெர்மின்தான், ஸ்பெர்மிடின் அல்ல.

கைவேலையில் ஒரு எச்சரிக்கை. கன்றுச் சீரம் உள்ள செல் வளர்ப்பில் ஸ்பெர்மிடினை அப்படியே விடாதே. சீரத்திலுள்ள அமீன் ஆக்சிடேஸ் அதைச் சிதைத்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஆல்டிஹைடுகளையும் உண்டாக்கும். அந்த நச்சில் செல்கள் வாடும்; நீ அதை ஸ்பெர்மிடினின் வேலை என்று எழுதிவிடுவாய். அந்த ஆக்சிடேஸைத் தடுக்க அமினோகுவானிடின் சேர். அதை மட்டும் சேர்த்த தட்டு ஒன்றையும் பக்கத்தில் வை.

விரும்பாத முடிவையும் சொல்வதற்கு, உன் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கம், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று ஏழரை ஆண்டுக் கணக்கு சொன்னது, பதினைந்து ஆண்டுக் கணக்கும் சொன்னது. யாரும் விரும்பாத அந்த விடையை மறைக்காமல் அச்சிட்டார்கள். குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதால் அந்த ஊசி இன்றும் தொடர்கிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்ல முடிந்ததே, அதுதான் ஆராய்ச்சி.

மாமல்லபுரம் கடற்கரைச் சுண்டலையும் அளந்து பார். பயறில் ஸ்பெர்மிடின் உண்டு. ஊறவைத்த நீர், அவித்த நீர், அவிந்த பயறு மூன்றையும் தனித்தனியே அள. நம் மக்களுக்கு மாத்திரையைவிட அந்தக் கணக்கு பயன்படும்.

புற்றுநோயாளி யாராவது கேட்டால், மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். புற்றுச் செல்கள் பெருகவும் ஸ்பெர்மிடின் போன்ற பாலிஅமீன்கள் வேண்டும். அவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் எஃப்லார்னிதின் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயின் சிகிச்சையில் அனுமதி தந்தது. மாத்திரை விற்பவர்கள் உன்னை மேடைக்கு அழைத்தால், பெர்லின் முடிவை முதலில் சொல்லிவிட்டுப் பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்