ஒரே பெயரில் பல சிப்பாய்கள்: இதில் எங்கள் தாத்தா யார்?

கேள்வி: என் அம்மாவின் அப்பா ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்தில் 'பட்டாளத்தோட பர்மா போனார், திரும்பல' என்று பாட்டி சொல்வார். கிராஞ்சி நினைவுச் சுவரில் தேடினேன். ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் என்பதால் ஒன்றுக்கு மேல் அகப்பட்டது. என்னோடு வேலை செய்யும் அமெரிக்கர், சல்லிவன் என்ற தங்கள் ஐரிஷ் குடும்பப் பெயரை வைத்தே முன்னோர்களில் யார் யார் போருக்குப் போனார்கள் என்று கண்டுபிடிப்பாராம். நமக்கு வழி உண்டா?
- வாசகி, சிராங்கூன் ரோடு

பதில்: கிராஞ்சியை முதலில் விட்டுவிடுங்கள். அந்தச் சுவரில் உள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், காமன்வெல்த் படைகளில் இருந்து இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுடையவை. தோட்டத்திலிருந்து நேரே கிளம்பிய ஒருவர் அதில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உங்கள் பாட்டி சொன்னதற்கு இரண்டு விதமாக அர்த்தம் கொள்ளலாம். ஒன்று, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.). 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூர் வந்து பாடாங்கில் படையைப் பார்வையிட்ட பிறகு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். இன்னொன்று சயாம் மரண ரயில். ஜப்பானியர் தோட்டத் தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு போய்ப் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயரோடு கல்லறை உண்டு. தோட்டத் தமிழர்களின் பெயரை எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே தாத்தா கிளம்பிய மாதம் முக்கியம். 1943 ஜூலைக்கு முன்பே போனார் என்றால் நான் முதலில் ரயில் பாதையைத்தான் சந்தேகிப்பேன்.

உங்கள் நண்பரின் சல்லிவன்களுக்கு வருவோம். 1942 நவம்பரில் குவாடல்கனால் அருகே 'ஜூனோ' போர்க்கப்பல் மூழ்கியபோது அயோவா மாநிலத்துச் சல்லிவன் வீட்டில் ஐந்து சகோதரர்களும் இறந்தார்கள். பிறகு ஒரு போர்க்கப்பலுக்கே அவர்கள் பெயரை வைத்தார்கள். ஆனால் 1779இல் வாஷிங்டனின் கட்டளைப்படி இரோகுவா பழங்குடிகள் மீது படை நடத்திய ஜெனரல் ஜான் சல்லிவனும் ஐரிஷ் வம்சம்தான். பெயர் ஒன்று என்பதற்காக அவரை இந்த ஐந்து பேருக்கும் பாட்டன் முறை ஆக்கிவிட முடியாது. அயர்லாந்தின் தென்மேற்கில் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன். உங்கள் நண்பரும் எங்கோ ஓரிடத்தில் தகப்பன் பெயரையும் ஊரையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நாம் அங்கேயே தொடங்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சிங்கப்பூர் அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' போட்டுத் தகப்பன் பெயர் வருகிறதே, தேடுகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளிலும் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயர், கிராமம், ஜில்லா இருக்கும். பிரிட்டிஷ் படையில் இருந்த உறவினர் எவரையாவது பிறகு தேடினால், கூடுதல் விவரப் பகுதியில் தகப்பன் பெயரைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கால எழுத்தர்கள் 'சாமி'யை எழுதிய லட்சணம் ஆளுக்கு ஒரு விதம். எல்லா எழுத்துக்கூட்டலையும் முயலுங்கள்.

ஐ.என்.ஏ. என்றால் வேலை கடினம். எஸ்பிளனேடில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். 1995இல் அங்கே வைத்த நினைவுப் பலகை இடத்தைச் சொல்கிறது, ஆட்களை அல்ல. டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. இங்கே நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானிய ஆட்சிக் காலம் பற்றிய பேட்டிகளை இணையத்திலேயே தேடலாம். ஆள் பெயரைப் போடாதீர்கள், தோட்டத்தின் பெயரைப் போடுங்கள். ஒரே தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் சேர்ந்தே போனார்கள். திரும்பி வந்த ஒருவர் உங்கள் தாத்தாவோடு போனவராக இருக்கலாம்.

தோட்டத்தின் பெயர் தெரியாவிட்டால் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் அது இருக்கும்.