குடும்பக் கட்டுப்பாட்டில் ஆடவர் பங்கு

மணலூர்பேட்டை வட்டாரத்தில் தறியை நம்பிய குடும்பமாயினும், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு பயிரிடும் குடும்பமாயினும், பெண்ணின் உழைப்பின்றி வேலை நடவாது. தார் சுற்றுகிறவளும் களை எடுக்கிறவளும் அவளே. ஆகவே அவளுடைய தேக நலம் அங்கத்தினர்களாகிய நாம் ஆராய வேண்டிய விஷயமாகும்.

குடும்பக் கட்டுப்பாட்டை நம் நாடு 1952ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் திட்டமாக ஏற்றது. 1956இல் சென்னை ராஜ்ய அரசாங்கம், கருத்தடைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு உதவித் தொகை அளிக்க முற்பட்டது. 1960களில் சிகிச்சைக்கு முன்வந்தோரில் பெரும்பாலோர் ஆடவரே என்பதை இன்று பலர் அறியார். 1975–77 நெருக்கடி நிலையின்போது வடமாநிலங்கள் பலவற்றில் ஆடவரை வற்புறுத்திச் சிகிச்சை செய்தனர். அதனால் எழுந்த அச்சம் நாடெங்கும் பரவியது. ஆடவர் ஒதுங்கினர், பாரம் பெண்கள்மேல் ஏறியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூற்றுவரில் ஏறக்குறைய 58 பேர் கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பமோ ஆயிரத்தில் ஒன்றளவே!

இது நியாயமாகுமா? பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியிருக்கிறது. ஆணுக்கோ தையலின்றிச் சில நிமிஷங்களில் முடிகிறது. இரண்டு நாள் ஓய்வுக்குப்பின் வழக்கமான வேலையைப் பார்க்கலாம். சைக்கிள் ஓட்டுவதற்கு மட்டும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஆண்மை குன்றும், தறி மிதிக்க வலுவிராது என்பவை திண்ணைப் பேச்சுக்கள். விந்தணு செல்லும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. உடலுக்கு வலுவூட்டும் சுரப்பு முன்போலவே ரத்தத்தில் கலக்கிறது. ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: பலன் உடனே கிட்டாது. மூன்று மாதம் ஆணுறை உபயோகித்து, அதன்பின் பரிசோதனை செய்து உறுதி பெற வேண்டும்.

இன்னும் குழந்தை வேண்டுவோருக்கு நிரந்தரச் சிகிச்சை ஏற்றதன்று. ஒரு பிரசவத்துக்குப்பின் மறுபடி கருத்தரிக்க 24 மாதமேனும் கழிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர் டி வைத்துக்கொள்ளலாம். 2017 முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கத் தொடங்கிய 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை; 'சாயா' மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்பால் வாரம் ஒன்று. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து வரும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும். எனவே ஊசித் தேதியைக் கணவனும் குறித்து வைப்பது நன்று.

கருத்தடைச் சிகிச்சைக்குச் செய்துகொள்பவருடைய கையொப்பமே போதும். கணவன் கையொப்பம் இல்லையென்று பெண்ணைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை.