பாப்பாவிடம் பேசுவோம்



இந்த முறை நான் கைக்குழந்தையைப் பற்றி எழுதுகிறேன். ‘இவளுக்கு என்ன தெரியும்?’ என்று சிரிக்காதீங்க. எங்கள் வீட்டில் அக்கா பையன் இருக்கிறான். நான் அவனுக்குச் சித்தி. பள்ளிக்கூடம் விட்டதும் அவனைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

9-ஆம் மாதத் தட்டம்மை ஊசி போட அவனைப் பால்வாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். நர்ஸம்மா, “பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா? பா-பா, மா-மா-ன்னு சத்தம் போடுறானா?” என்று கேட்டாங்க. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தூளியில் போட்டு ஆட்டுவேன். அழுதால் செல்போனில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவேன்.

“நம்ம வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவாங்க” என்றார் பாட்டி. நர்ஸம்மா விடவில்லை. காது பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. அதுவரை அக்கா சரியாகச் சாப்பிடவே இல்லை. நல்லவேளை, காது நன்றாக இருக்கிறது. “வீட்டுல நிறையப் பேசுங்க, தரையில விடுங்க” என்றார் டாக்டர். அங்கேயும் நர்ஸம்மாவிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை:

1. குப்புறப் போடுதல்: குழந்தை விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டுப் பக்கத்திலேயே இருக்கணும். கழுத்து, தோள், முதுகு பலம் பெறும். தவழாத குழந்தைக்கு ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 30 நிமிடமாவது இது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்கணும்.

2. தரை: தூளியிலேயே கிடந்தால் கைகால் பழகாது. கைக்குக் கொஞ்சம் எட்டாத தூரத்தில் ஒரு பளபள தம்ளரை வைத்தால் அதை எடுக்க நகரும்.

3. வாக்கர் வேண்டாம்: சக்கர வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது தவறு. வாசப்படியில் உருண்டு விழும், அடுப்புப் பக்கம் போய்விடும். கனடாவில் 2004-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள்.

4. பேச்சு: குளிப்பாட்டும்போது ‘இது கை, இது கால், தண்ணி ஊத்தப் போறேன்’ என்று சொல்லணும். அது ‘ஆ’ என்றால் நாமும் ‘ஆ’ என்று சொல்லி, அடுத்த ‘ஆ’-வுக்குக் காத்திருக்கணும். செல்போன் காத்திருக்காது. 1 வயதுக்குள் திரை எதுவும் வேண்டாம் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது.

5. காது: காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக் கூடாது. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் ‘ஆ, ஊ’ என்று சத்தம் போடுமாம். அதனால் அதை மட்டும் நம்பாமல் பரிசோதிக்கணும்.

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் வளராது. சில குழந்தைகள் தவழாமலே எழுந்து நிற்கும். ஆனால் 9 மாதம் ஆகியும் பிடிக்காமல் உட்காரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் ‘தானா வரும்’ என்று இருக்காமல் நர்ஸம்மாவிடம் காட்டுங்க.

இப்போது நான் பாடத்தைச் சத்தமாக அவனிடமே படிக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. நேற்று வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, ‘ப்பா ப்பா’ என்றான். அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

மழலைச் சொல் இனிமை என்று குறளில் படிக்கிறோம். அந்த மழலை வர, முதலில் நாம் பேசணும். உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பா, தங்கச்சிப் பாப்பா இருந்தால் இன்று சாயங்காலமே பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க.



— 9-ஆம் வகுப்பு மாணவி